ஐந்து புள்ளி ஏழு

சார்,

உங்கள் நோட்டில் இன்னும் துவரம் பருப்பு வாசனை அடிக்கிறது. அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்து எழுதினீர்கள் போலிருக்கிறது. சில பக்கங்கள் நுரை பட்டுக் காய்ந்து அப்பளம் மாதிரி விறைத்து நிற்கின்றன. போன மாதம் உங்கள் மகள் எங்கள் பட்டறைக்கு வந்து, இந்த நோட்டையும் குக்கரையும் அதன் மூடியில் நீங்கள் பொருத்தியிருந்த கருவியையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். "கண்ணை மூடறதுக்கு முன்னாடி அப்பா, இதையெல்லாம் மேஸ்திரிகிட்ட குடுத்துடுன்னார். நான் யாரோ பெரிய ஆளுன்னு தேடிக்கிட்டு வந்தேன்" என்றார். எண்ணெய்க் கையோடு நின்ற என்னை, ஒரு இருபத்து நாலு வயதுப் பெண்ணை, பார்த்து அவருக்குக் குழப்பம். நோட்டைப் படித்த பிறகு அந்தக் குழப்பம் என்னைப் பிடித்துக்கொண்டுவிட்டது.

முதல் நாள் அண்ணனூரிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் பட்டறைக்கு வந்து, லேத் முன்னால் நின்ற என்னிடம் ஒரு காகிதத்தை நீட்டினீர்கள். அதில் கையால் வரைந்த படம்: விரல் நகம் அளவு ஒரு பித்தளை புஷ், அதாவது குட்டி உருளை, நடுவில் ஒரு துளை. துளைக்குள் ஒரு கம்பி நிற்கும். குக்கர் விசிலடிக்கும்போதெல்லாம் ஆவி கம்பியைத் தூக்கும், கம்பி ஒரு சக்கரத்தை ஒரு பல் தள்ளும், எத்தனை விசில் ஆனது என்று முள் காட்டும். இதுதான் உங்கள் கண்டுபிடிப்பு.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இன்னா சார் நீ, பக்கத்துல நின்னுகினு எண்ணினா முடிஞ்சிது. இதுக்கு ஒரு மெஷினா?"

"நின்னாலும் மறந்துடுதும்மா. மூணா நாலான்னு சண்டை போட வீட்ல இப்போ ஆள் இல்லை" என்றீர்கள்.

சிரித்ததற்குப் பரிகாரமாக, கையிலிருந்த வேலையை ஓரம் கட்டிவிட்டு அன்றைக்கே செய்து கொடுத்தேன். தப்பு நடந்தது அங்கேதான். காகிதத்தில் துளையின் அளவு 5.7 மில்லி என்று இருந்தது. கம்பெனி டிராயிங் என்றால் நாங்கள் புள்ளிக்குப் புள்ளி பார்ப்போம். வெளியாள் யாராவது கையால் வரைந்துகொண்டு வந்தால், பாவம் தெரியாமல் எழுதிவிட்டார் என்று நாங்களே முழு அளவாகத் திருத்திவிடுவோம். திருத்தினோம் என்று சொல்லவும் மாட்டோம். "ஊட்டு வேலதானே, ஆறு போட்டு உடு" என்பார் ஓனர். நானும் ஆறு போட்டேன். அந்தத் தளர்வில் கம்பி ஆடி ஒரு பல் கூடத் தள்ளும் என்று நினைக்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை மறுபடி வந்தீர்கள். "நாலு விசிலுக்கு அஞ்சு காட்டுது, மேஸ்திரி." என் பெயர் வாயில் நிற்கவில்லை என்று நீங்களே வைத்த பட்டம் அது. புதுக் காகிதத்திலும் 5.7. மறுபடி நான் ஆறு. சக்கரத்தின் பல்தான் கோளாறு என்று அடித்துச் சொன்னேன். அதைக் கேட்டு, அந்தக் குட்டிப் பல்லை எல்லாம் உட்கார்ந்து அரம் போட்டீர்கள். இப்படி ஒன்பது வியாழக்கிழமை, ஒன்பது புஷ்.

நடுவில் நாம் சிநேகிதர்களாகிவிட்டோம். எங்கள் அம்மாவின் கருவாட்டுக் குழம்புக்காகவே சாப்பாட்டு நேரம் பார்த்து வருவீர்கள். என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளையைப் பற்றி யோசனை கேட்டால், "எனக்கென்ன தெரியும், நாற்பது வருஷம் சண்டை போட்டவன்கிட்ட வந்து கேக்கறியே" என்று கை கழுவிவிடுவீர்கள். டீக்கடையில் சட்டைப் பையிலிருந்து வெர்னியர் அளவுகோலை எடுத்து வடையை அளந்து, போன வாரத்தைவிட ரெண்டு மில்லி குறைச்சல் என்பீர்கள். "சார், நீ துன்ன வந்தியா, கணக்கெடுக்க வந்தியா?" என்று மாஸ்டர் எரிந்து விழுவார்.

வடையை அளந்தவர் புஷ்ஷை அளக்காமல் விட்டிருப்பீர்களா? இந்தக் கேள்வி எனக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை. நோட்டைத் திறந்த பிறகுதான் தோன்றியது. ஒவ்வொரு வியாழனுக்கும் ஒரு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் முதல் வரி ஒன்றேதான்: "கேட்டது 5.7. வந்தது 6.0."

ஒன்பது தடவையும் தெரிந்திருக்கிறது. பிறகு ஏன் சொல்லவில்லை? நானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருந்தீர்களா? ஓனர் முன்னால் எனக்குத் தலைகுனிவு வேண்டாம் என்றா? "ஒரே ஒரு வாட்டி சரியா எண்ணிட்டா போதும், பரண்ல தூக்கிப் போட்டுடுவேன்" என்று அடிக்கடி சொல்வீர்களே, பரணில் போட்ட பிறகு வியாழக்கிழமை எங்கே போவது என்றா? ஒரு நாள் ஒன்று சரியாகப் படுகிறது, மறுநாள் வேறொன்று. ஒன்று மட்டும் என்னை அரித்துக்கொண்டே இருந்தது. அந்த ஒரு வாட்டியை நீங்கள் பார்க்காமல் போனதற்கு என் கைதான் காரணமோ?

போன ஞாயிற்றுக்கிழமை 5.7 டிரில் வாங்கி, பத்தாவது புஷ்ஷைச் செய்தேன். நூம்பலில் எங்கள் வீட்டு அடுப்பில் உங்கள் குக்கரை ஏற்றினேன். அம்மா, "இன்னாடி, சோறாக்கறியா, பூசை போடறியா?" என்றாள். முதல் விசில். முள் ஒன்றுக்கு வந்து நின்றது. கத்தியேவிட்டேன். இரண்டாவது விசிலுக்கு முள் அசையவில்லை. மூன்றாவதற்கும் இல்லை, நான்காவதற்கும் இல்லை. ஆறிய பிறகு கழற்றிப் பார்த்தேன். இறுக்கமான துளைக்குள் கஞ்சி நுரை ஏறி, பசை போட்டது போலக் கம்பியைப் பிடித்திருந்தது. என் ஆறு மில்லியில் அது வழிந்துபோக வழி இருந்திருக்கிறது. உங்கள் கணக்கிலும் தப்பு இருந்திருக்கிறது, சார்.

அந்த நிமிஷம் என் வாயில் வந்த சொல், "அப்பாடா." நீங்கள் அவ்வளவு ஆசைப்பட்ட கருவி செத்து நிற்கிறது, நான் அதன் முன்னால் நின்று சந்தோஷப்படுகிறேன். சிநேகிதி செய்கிற காரியமா இது? சோற்றை இறக்காமல் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அழுதது உங்களுக்காகவா, தப்பித்துக்கொண்ட எனக்காகவா என்றும் தெரியவில்லை.

இப்போதெல்லாம் யார் காகிதம் கொண்டு வந்தாலும், அளவு கொஞ்சம் விசித்திரமாக இருந்தால், "அண்ணா, இப்படித்தான் வேணுமா?" என்று கேட்டுவிடுகிறேன். நேரம் போகிறது என்று ஓனர் கத்துகிறார். நேரமே ஆவதில்லை. ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரு நொடியில் சொல்லிவிடுகிறார்கள். நீங்கள் ஒன்பது வியாழக்கிழமை என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தீர்கள்.