சுவரில் உங்கள் முழங்கை உயரம்

நீங்கள் உயிரோடு இருந்தவரை நான் ஒருமுறையும் பெயர் சொல்லி அழைக்காத என் அன்பு அருளப்பருக்கு,

மரம் கடையும் உங்கள் லேத் மெஷினை நான் அறுத்துப் போட்டுவிட்டதாகத் தெருவில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. மெஷினில் ஒரு கீறல்கூட விழவில்லை. அது உட்கார்ந்திருக்கும் மர மேசையின் நான்கு கால்களிலும் மூன்று அங்குலம் குறைத்திருக்கிறேன். அவ்வளவுதான்.

நொச்சிக்குப்பத்து அஞ்சலை வரைக்கும் செய்தி போயிருக்கிறது. மீன் வாங்கப் போன இடத்தில், கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "இன்னா டீச்சரம்மா, சாரு மெசின துண்டு துண்டா அறுத்துட்டியாமே? அவரு மேல அத்தினி கோவமா?"

"மெஷினை இல்லை, அஞ்சலை. காலை."

"ஐயோ, யார் கால?"

நீங்கள் இருந்திருந்தால் சிரித்துச் சிரித்து இருமியிருப்பீர்கள். நான் வஞ்சிரத்தை வாங்கிக்கொண்டு விறைப்பாக வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் சிரிப்பு வந்தது. கூடச் சிரிக்க ஆள் இல்லாததால் உடனே நின்றும் போனது.

மேசைக் காலை ஏன் குறைத்தேன் என்று சொல்கிறேன். நீங்கள் போன பிறகு இந்த வீட்டில் என்னால் தாங்க முடியாத நேரம் பிற்பகல் நான்கு மணி. பின்னறையில் உங்கள் மோட்டார் முனகத் தொடங்கும் நேரம் அது. ஒருநாள் நானே போய் சுவிட்சைப் போட்டேன். கட்டை எதுவும் மாட்டவில்லை. சத்தத்துக்காக மட்டும். மறுநாளும் போட்டேன். அடையாறிலிருந்து வந்த நம் மகள் பார்த்துவிட்டாள். "மம்மி, வெறும் மோட்டார ஓடவிட்டுட்டு உக்காந்திருக்கீங்களா?" என்றாள். மெஷினை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று மெதுவாகச் சொன்னாள்.

வேலையில்லாமல் எதையும் ஓடவிடக் கூடாது என்று கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான். கொடுக்க முடியாது, நானே கடையப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு போய் நின்றால், மரம் சுழலும் அச்சு என் நெஞ்சுக்கு நேராக இருந்தது. உளியைத் தூக்கிப் பிடித்ததில் ஐந்து நிமிடத்தில் தோள் மரத்துப்போனது. ஒரு பலகையைப் போட்டு மேலே ஏறினேன். பின்னால் ஒரு அடி வைத்தபோது பலகை தீர்ந்துவிட்டது. மேசையைப் பிடித்துக்கொண்டேன். விழவில்லை. இதையும் விழுந்ததாகச் சொல்கிறார்கள்.

வடபழனியில் சினிமா செட்டுக்கு வேலை செய்யும் ரவி மேஸ்திரி வந்தார். அச்சு முழங்கை உயரத்தில் இருந்தால்தான் தோளும் முதுகும் வலிக்காதாம். நான் செருப்பை வாசலில் விட்டு, சுவரோரம் நிமிர்ந்து நின்று, முழங்கையை மடித்துக் காட்டினேன்.

"இன்னாமா, வெறுங்கால்லயா வேலை பாக்கப் போற? போய் ஷூ போட்டுக்கினு வா. அப்பால அளக்கலாம்."

"வீட்டுக்குள்ளே ஷூவா?"

"சரி, கட்டை கால் மேல வுழட்டும். வீடு சுத்தமா கீதுன்னு டாக்டராண்ட சொல்லு."

நான் ஷூ போட்டுக்கொண்டு வந்தபோது அவர் சுவரில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். பென்சில் கோடு. பக்கத்தில் உங்கள் சாய்ந்த எழுத்து: 'முழங்கை'. டேப்பைப் பிடித்துப் பார்த்தால் அச்சும் கோடும் ஒரே உயரம். "சாரும் உன்ன மாதிரியே வெறுங்கால்ல அளந்திருப்பாரு போலகீதுமா," என்றார். "இந்தா கீது பாரு அவரு ஷூ. அடி எம்மாம் தடிமன்!"

அந்த ஷூவின் அடி ஒன்றரை அங்குலம். நான் இரண்டு முறை அளந்தேன்.

வாசலுக்கு உள்ளே செருப்பு வரக் கூடாது என்பது என் சட்டம். பின்னறைக்கும் அதே சட்டம். அதனால் வெறுங்காலோடு அளந்தீர்கள், வெறுங்காலோடு வேலை செய்தீர்கள். பிறகு கட்டை விழுந்து கட்டைவிரல் நகம் போனது. அன்றுதான் அந்த ஓர் அறைக்கு மட்டும் விலக்குக் கொடுத்தேன். ஷூ வந்தது. நீங்கள் ஒன்றரை அங்குலம் உயர்ந்தீர்கள். மேசை உயரவில்லை. பதினொரு வருடம் அந்த ஒன்றரை அங்குலத்தைக் குனிந்தே சரிக்கட்டியிருக்கிறீர்கள்.

மாலையில் உங்கள் இடுப்புக்குத் தைலம் தேய்த்தவள் நான்தான். "கூனாதீங்க, நிமிர்ந்து நில்லுங்க" என்று தினமும் கண்டித்தவளும் நான்தான். நீங்கள் "சரிங்க டீச்சர்" என்பீர்கள். உங்கள் கழுத்து மடிப்பில் மரத்தூள் ஒட்டியிருக்கும். அதை ஊதிவிடுவேன். இப்போது அந்த அறையில் மரத்தூள் என் கழுத்தில் ஒட்டுகிறது. நானே துடைத்துக்கொள்கிறேன்.

"மேசைக் கால் கீழ நாலு துண்டுப் பலகை சொருகியிருந்தா முடிஞ்சிருக்கும்மா. அரை மணி நேர வேலை," என்றார் மேஸ்திரி. உங்களுக்கு அது தெரியாதா? கடைசல் வேலையில் நூலளவு பிசகினாலும் கட்டையை ஒதுக்கிவிடுகிற மனிதராயிற்றே. பலகை சொருகினால் ஏன் என்று நான் கேட்பேன், காரணம் என் சட்டத்தில் வந்து நிற்கும் என்று பயந்தீர்களா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்வதைவிட முதுகை வளைப்பது சுலபமாக இருந்ததா? அவ்வளவு கடினமானவளா நான்?

கால்களை அறுக்கும்போது நான் அறையில்தான் நின்றேன். இந்த வீட்டில் உங்கள் உயரத்தில் மிச்சமிருந்த ஒரே பொருள் அந்த மேசை. இப்போது என் உயரத்துக்கு வந்துவிட்டது. கோட்டை மட்டும் அழிக்க விடவில்லை. அதற்குக் கீழே என் கோடு இருக்கிறது: 'முழங்கை, ஷூவுடன்'.

ஒரு வாக்குத் தருகிறேன். பேரப்பிள்ளைகள் ஷூவோடு உள்ளே ஓடி வந்தாலும் இனி வாய் திறக்கமாட்டேன். யாருக்காவது எங்காவது வலித்தால், கண்டிப்பதற்கு முன் ஏன் என்று கேட்பேன்.

நீங்கள் தெரிந்தே குனிந்தீர்களா, தெரியாமலா? வழக்கம்போல் தலையாட்டினால் ஏற்றுக்கொள்ளமாட்டேன். எழுத்தில் பதில் அனுப்புங்கள்.

உங்கள் மனைவி,
ஃபிலோமினா