மூன்று நாள் விதி

மார்ச் 4, செவ்வாய்

புது போன் கைக்கு வந்துவிட்டது. கம்பெனி வழக்கப்படி, கடைக்குப் போகுமுன் ஒரு மாதம் நாங்களே அதைச் சொந்த போனாக வைத்துக்கொள்ள வேண்டும். பழையதை வாங்கிப் பூட்டிவிட்டார்கள். செய்தவர்களே அனுபவிக்கட்டும் என்று ஏற்பாடு.

மெலிசுதான், ஒத்துக்கொள்கிறேன். வடிவமைப்புத் தலைவர் இரண்டு விரலால் தூக்கிக் காட்டி, "பையில இருக்கறதே தெரியாது" என்றார். மெலிசு மெலிசு என்று உயிரை வாங்குவதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பிளேடு. பையில் இருப்பது தெரியாதுதான், உள்ளே பேட்டரிக்கு இடமிருந்தால் அல்லவா தெரியும்! மாலை ஆறுக்கே மூச்சை விட்டுவிடுகிற போனை ராத்திரி வரை ஓட்டிக் காட்டுவது என் தலையில். பேட்டரியைப் பெரிதாக்க அரை மில்லிமீட்டர் கேட்டேன். "அதுக்கு வேற போனே பண்ணிடலாமே" என்றார்.

சரி என்று ஒரு விதி எழுதினேன். மூன்று நாள் யாரும் திறக்காத ஆப்பை போன் தூங்க வைத்துவிடும். அதற்கு வருகிற செய்திகூட உள்ளே வராது. கையால் திறந்தால்தான் எழும். இப்போது பதினொரு மணி வரை தாங்குகிறது. பெட்டியில் 'நாள் முழுக்க' என்று அச்சடிக்கப் போகிறார்கள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

மார்ச் 5, புதன்

அப்பா கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாராம். அவர் தெருவில் தையல்கடை வைத்திருக்கும் அம்மாளை.

போனில் சாவகாசமாகச் சொல்கிறார், குழாய் ரிப்பேர் செய்த மாதிரி. "இந்த வயசுல இதெல்லாம் தேவையாப்பா?" என்றேன். "எந்த வயசுல தேவைன்னு நீ லிஸ்ட் போட்டுக் குடு" என்றார். நான் கத்தினேன், அவரும் கத்தினார். யார் முதலில் வைத்தது என்று தெரியவில்லை. நான்தான் என்று நினைக்கிறேன்.

அம்மா போன பிறகு நாங்கள் பேசிக்கொள்வதைவிட செஸ் ஆடுவதுதான் அதிகம். போனில் ஒரு ஆப், ஆளுக்கொரு நகர்த்தல், கூடவே ஒரு வரி எழுதலாம். அவர் நகர்த்தினால் இங்கே மணி அடிக்கும். இப்போது அவர் முறை. மணி அடிக்காமல் நானாக அந்த ஆப்பைத் திறப்பதாக இல்லை. அவரே இறங்கி வரட்டும்.

மார்ச் 8, சனி

மணி அடிக்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

வேலையே ஓடவில்லை. போனை எடுக்கிறேன், வைக்கிறேன், கவிழ்த்துப் போடுகிறேன், திருப்பிப் போடுகிறேன். மெலிசாக இருப்பதால் கவிழ்ந்து கிடந்தால் மேஜையோடு ஒட்டிப்போய் நகத்தால் நோண்டி எடுக்க வேண்டியிருக்கிறது. இதை ஒரு குறையாக எழுதிப் பிளேடுக்கு அனுப்பினேன். கோபத்தை எங்காவது காட்டத்தானே வேண்டும்.

சோதனை அறை அக்கா வந்து நின்றாள். அவளுக்கும் இதே போன்தான். மாத்திரை நேரத்தை நினைவூட்டுகிற ஆப் மணியே அடிக்கவில்லையாம், பிரஷர் மாத்திரையை விட்டுவிட்டாளாம்.

"நீங்க அதைத் திறக்கறதே இல்லையே அக்கா, அதான் தூங்கிடுச்சு."

"மணி அடிச்சா மாத்திரை போட்டுக்குவேன். அதை எதுக்குத் திறக்கணும்?"

நியாயம்தான். இருந்தாலும் விட்டேனா? எல்லாரும் அப்படி இருக்க மாட்டார்கள், அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன். முகம் சுண்டிப்போய்ப் போனாள்.

மார்ச் 12, புதன்

கூப்பிடலாமா? நான் ஏன் கூப்பிடணும்? மனுஷன் ஒரு சிப்பாயை நகர்த்தக்கூட மாட்டேங்கறார். அவ்வளவு ஆகாதவளாப் போயிட்டேனா? தையல்கடைக்காரி வந்ததும் மக வேண்டாதவளா? சாப்பாடு இறங்கலை.

மார்ச் 14, வெள்ளி

மத்தியானம் அக்கா மறுபடி வந்தாள். இந்த முறை உட்கார்ந்தேவிட்டாள். "உங்க போன்ல இந்த வாரம் சத்தமே போடாதது ஏதாவது இருக்கா? என் முன்னாடி திறங்க."

இருந்தது, ஒன்றே ஒன்று. அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. அவள் வாயை அடைக்கலாம் என்றுதான் திறந்தேன்.

டிங். டிங். டிங். டிங்.

சண்டை போட்ட மூன்றாம் நாளே நகர்த்தியிருக்கிறார். நான் திறக்காமல் வீம்பு பிடித்ததில் என் விதி அதை அன்று காலையே தூங்க வைத்துவிட்டது. ராணியை என் குதிரை வெட்டுகிற கட்டத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறார். ஒரு சிப்பாயைக்கூட சும்மா தராத மனுஷன். கீழே எழுதியிருந்தது:

"பார்த்தியா?"

"கோபமா இன்னும்?"

கடைசியாக, "வெள்ளிக்கிழமை காலைல பதிவு ஆபீஸ். சாட்சிக் கையெழுத்துல ஒரு இடம் உனக்கு வச்சிருக்கேன். பிடிக்கலேன்னா பதில் போட வேண்டாம். புரிஞ்சுக்கிறேன்."

நான் பதில் போடலை. புரிஞ்சுக்கிட்டார்.

இன்னிக்குத்தான் வெள்ளி. காலைல போயிடுச்சு. அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனாள்.

மார்ச் 15, சனி

நேற்றே கிளம்பிப் போனேன். கதவைத் திறந்தது அந்த அம்மாள். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது, கல்யாணத்தன்றும் யாருக்கோ ஜாக்கெட் அவசரம்போல. அப்பா எழுந்து நின்றார். நான் போனை நீட்டி, விதி, பேட்டரி, அரை மில்லிமீட்டர் என்று அழுதுகொண்டே உளறினேன். பாதிதான் புரிந்திருக்கும்.

"பதில் போட வேண்டாம்னு நான்தானேடி எழுதினேன்" என்றார். "போன் பண்ணியிருக்கலாம். எனக்கும் வீம்பு."

என் இடத்தில் பக்கத்துக் கடை பூட்டு ரிப்பேர்காரர் கையெழுத்துப் போட்டாராம். எனக்கு வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது.

அந்த அம்மாளிடம், "உங்களை எப்படிக் கூப்பிடறதுன்னு தெரியலை" என்றேன்.

"ஒண்ணும் கூப்பிட வேணாம். வந்தாப் போதும்" என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை.

மார்ச் 18, செவ்வாய்

விதியை எடுத்துவிட்டேன். கூட்டத்தில் பிளேடு, "உங்க குடும்ப விஷயத்தை வச்சு போனைத் தடியாக்க முடியாது" என்றார். அக்கா தன் மாத்திரை அட்டையை மேஜையில் போட்டாள். நான் சொன்னேன்: "யார் முக்கியம்னு போன் முடிவு பண்ண வேண்டாம் சார். தடியா இருக்கட்டும், இல்ல சாயங்காலமே அணையட்டும். அணைஞ்சா அணைஞ்சது தெரியும். இது விழிச்சிருக்கற மாதிரி நடிச்சுது."

இரண்டு மணி நேரம் பேரம். அரை கேட்ட இடத்தில் கால் மில்லிமீட்டர். எட்டு மணி வரை ஓடும். பெட்டியில் 'நாள் முழுக்க' கிடையாது. பிளேடு என்னோடு பேசுவதில்லை, காதுக்கு நிம்மதி.

ஏப்ரல் 6, ஞாயிறு

அப்பா வீட்டில். பாதியில் நின்ற ஆட்டத்தை அவர் பலகையில் அப்படியே அடுக்கி வைத்திருந்தார். அந்த ராணியை வெட்டினேன். மறு நிமிஷம் அவர் குதிரை குதித்து என் ராஜா கதை முடிந்தது.

"சும்மா குடுப்பேன்னு நினைச்சியா?" என்று சிரித்தார். "நீ ஆடாம இருக்க மாட்டேன்னு நினைச்சுத்தான் அன்னிக்கே வச்சேன்." எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

இன்னொரு ஆட்டம் போட்டோம். எட்டு மணிக்கு, சொல்லிவைத்த மாதிரி, கால் மில்லிமீட்டர் தடித்த புது போன் அணைந்தது. உள் அறையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"சித்தி, சார்ஜர் இருக்கா?" என்றேன்.

மெஷின் நின்றது. அப்பா பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இரும்மா, எடுத்துட்டு வர்றேன்" என்று குரல் வந்தது.