வாசற்படி தாண்டாதவள்

ஐப்பசி 9, திங்கள்

காலையிலிருந்து தூறல். பள்ளிக்கூடத்துக்குப் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. வந்த பாதியும் ஈரத் தலை. வாய்ப்பாடு மட்டும் சொல்லவைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அன்னவாசல் பஸ் வழக்கம்போல லேட்.

நேற்று எனக்குப் பரிசம் போட்டாயிற்று. தையில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஊர் வல்லத்திராக்கோட்டை, வேலை புதுக்கோட்டை தபாலாபீஸில். புல்புல்தாரா வாசிப்பாராம். மாமா (ஆத்தாவின் தம்பி, அப்பா போன பிறகு எங்களுக்கு எல்லாம் இவர்தான்) இதை ஏதோ வியாதியைச் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். எனக்குச் சிரிப்பு. ஆள் பரவாயில்லை. காது மட்டும் கொஞ்சம் பெரிசு. வாத்தியம் வாசிக்கிறவருக்கு அது நல்லதுதான்.

அண்ணன் பினாங்கிலிருந்து எனக்கு ஒரு நைலான் சேலை, தனக்கு ஒரு சினிமாக் காமிரா கொண்டுவந்திருக்கிறான். எது விலை கூட என்று கேட்கவில்லை. கோழி, கிணறு, மாமாவின் மீசை எல்லாவற்றையும் பிடித்தாயிற்று. என்னை வைத்துக் கல்யாணப் படம் ஒன்று எடுக்கப்போகிறானாம். கதை, தொடக்கத்தில் பேர் போடுவது எல்லாம் உண்டாம். "நட. மெதுவா நட. காமிராவப் பாக்காதத்தா" என்று நாள் முழுக்கப் பின்னாலேயே வருகிறான்.

ஆத்தா மட்டும் ஒட்டாமலே இருந்தாள். பரிசத் தட்டை வாங்கியதும் உள்வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள்.

ஐப்பசி 21, சனி

புதுக்கோட்டை. பஸ்ஸில் வாந்தி (நான் இல்லை, அண்ணன். ஜன்னலுக்கு வெளியே காமிராவை நீட்டிப் பிடித்துக்கொண்டே வந்தால் வேறென்ன?). வாங்கியது: கூறைப்பட்டு, அரக்கு. ரவிக்கைத் துணி. மாமாவுக்கு வேட்டி. வளையல். குங்குமச் சிமிழ் மறந்துவிட்டது.

கடையில் ஆத்தா முதலில் எடுத்தது என் பட்டு இல்லை. அக்காவுக்குச் சிற்றாடை. கத்தரிப்பூ நிறம், மஞ்சள் கரை. கடைக்காரர், "சின்னப் பொண்ணு வீட்ல இருக்குதுங்களா? வயசு என்ன?" என்றார். ஆத்தா யோசிக்காமல், "பதினஞ்சு" என்றாள். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பதினைந்துதான். அக்கா செல்லம் அந்த வயதில் காய்ச்சலில் போனாள். எனக்கு அப்போது ஐந்து. அவள் முகம் எனக்கு ஞாபகமில்லை. போட்டோவும் கிடையாது. கல்யாணம் ஆகாமல் போனவள் என்பதால் எங்கள் வீட்டுக்கு அவள்தான் கன்னிச்சாமி. உள்வீட்டுப் பரணில் ஓலைப்பெட்டி. அதற்குள் சிற்றாடை, சீப்பு, வளையல். வருஷம் ஒருமுறை கும்பிட்டுப் புதுச் சிற்றாடையை உள்ளே வைப்பார்கள். போன வருஷத்ததை எடுத்து வீட்டில் உள்ள கன்னிப்பெண் கட்டிக்கொள்ள வேண்டும். கட்டிக்கொண்டவள் அன்று பொழுது சாயும்வரை வாசற்படி தாண்டக் கூடாது.

அந்தக் கன்னிப்பெண் எப்போதும் நான்தான். வேறு ஆள் ஏது?

கார்த்திகை 4, வெள்ளி

கும்பிடு முடிந்தது. மழை இல்லை, நல்ல வெயில். கல்யாணம் என்பதால் இந்த வருஷம் முன்னதாகவே வைத்தார்கள். பச்சரிசி மாவு, வெல்லம், பானகம். மேளம் கூடாது, குலவை மட்டும். கத்தரிப்பூ பெட்டிக்குள் போயிற்று. போன வருஷத்துப் பச்சை எனக்கு. கரண்டைக்காலுக்கு மேலே நிற்கிறது. இருபத்திரண்டு வயதில் சிற்றாடை கட்டிக்கொண்டு நிற்க வெட்கமாக இருந்தது. அண்ணனுக்கோ கொண்டாட்டம். உரலை வாசலில் கவிழ்த்து அதன்மேல் காமிராவை வைத்து, நான் உள்ளேயிருந்து வந்து படியருகே உட்காருவதைப் பிடித்தான்.

ஒரு ரீலை ஒரு பக்கம் ஓட்டிவிட்டுத் திருப்பிப் போட்டு மறுபக்கமும் ஓட்டவேண்டுமாம். "தோசை மாதிரி" என்றான். மறுபக்கத்துக்குச் சித்தன்னவாசல் பாறையைப் பிடிக்கச் சைக்கிளில் போய்விட்டான்.

எழுதவேண்டியது இதுவல்ல.

இந்த ஒரு நாளில் மட்டும் ஆத்தா என்னைச் செல்லா என்று கூப்பிடுவாள். சின்ன வயதிலிருந்தே நானும் "என்னத்தா" என்று போய் நிற்பேன். அவள் தலை வாரிவிடுவாள். எனக்கு நேர்வகிடு, அன்று மட்டும் கோணல் வகிடு. அவள் பார்க்கிற பார்வை என்மேல் விழாமல் எனக்குக் கொஞ்சம் பின்னால் போய் விழும். பழகிப்போனது. இன்று ஏனோ பழகவில்லை. வாரிக்கொண்டே, "பாடு செல்லா" என்றாள். அக்கா கும்மி நன்றாகப் பாடுவாளாம். நான் பாடினால் காக்கை பறந்துவிடும். பாடினேன். ஆத்தா கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் மெதுவா. ஒன் தங்கச்சி தூங்குறா" என்றாள்.

மெதுவாகவே பாடி முடித்தேன்.

கார்த்திகை 6, ஞாயிறு

கல்யாணப் பத்திரிகைக்குப் பேர் எழுத மாமா உட்கார்ந்தார். ஆத்தா வந்து நின்று, "தை வேணாம். ஒரு வருசம் போகட்டும்" என்றாள்.

"ஏக்கா, பரிசம் போட்டாச்சு. என்னத்தச் சொல்லி நிறுத்துறது?"

"இவ போயிட்டா அந்தப் புள்ளைக்காகச் சிற்றாடைய யாரு கட்டிக்கிடுவா? வருசத்துக்கு ஒரு நாளு வருது. இவ மேலதான் வருது. ரெண்டு பேரையும் ஒண்ணா அனுப்பச் சொல்றியா?"

மாமா பேனாவை மூடிவிட்டார். அண்ணன் காமிராவைத் துடைத்தபடியே இருந்தான். என்னை யாரும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டும். பெரிய காதுக்காரரோடு புதுக்கோட்டையில் ஒரு சின்ன வீட்டில் இருக்கவேண்டும். அங்கே வருஷம் முழுக்க என் பேர் வள்ளி.

கார்த்திகை 11, வெள்ளி

அவர் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார்! கல்யாணத்துக்கு ரிக்கார்டு செட் பேச அன்னவாசல் வந்தாராம். பிள்ளைகள் ஜன்னல் கம்பிக்குள் மூக்கை நுழைத்து வேடிக்கை.

"மாமா வந்து சொன்னாருங்க. எனக்கு ஒரு வருசம்னாலும் சரிதாங்க. ஆனா எங்கய்யா, தை தாண்டுனா வேற எடம் பாப்பேங்கிறாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்னத்தங்க சொல்றது? புல்புல்தாராவ எடுத்து வச்சிட்டேன். வாசிக்கவே தோணல."

போகும்போது நாகஸ்வரமா, ரிக்கார்டா, எது பிடிக்கும் என்று கேட்டார். நாகஸ்வரம் என்றேன். நடக்காத கல்யாணத்துக்கு எதுவானால் என்ன?

கார்த்திகை 13, ஞாயிறு

அண்ணனுக்குப் படம் முடியவேண்டும். சித்திரையில் பினாங்கு கப்பல். "கல்யாணம் எப்ப நடந்தா என்ன, கிளம்புற சீனை இப்பவே எடுத்துருவோம்" என்றான். எரிச்சலாக வந்தது. ஆனாலும் ஆத்தாவின் பழைய அரக்குக் கூறையைக் கட்டிக்கொண்டு, கையில் காலி ட்ரங்குப் பெட்டியோடு வாசற்படி தாண்டித் தெருவுக்கு நடந்தேன். அதே உரல், அதே இடம். "திரும்பிப் பாக்காத! நேராப் போ!"

ஆத்தா தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தபோது, "சும்மாதான நடந்தே?" என்றாள். சும்மாதான் என்றேன்.

ரீல் பம்பாய்க்குப் போயிற்று. கழுவி வர மூன்று நாலு வாரம்.

மார்கழி 11, ஞாயிறு

நேற்று பம்பாயிலிருந்து பார்சல் வந்தது. எங்கள் ஊருக்குக் கரண்டு இல்லை. இன்று விளக்கு வைக்கிற நேரத்துக்கு அன்னவாசல் அரிசி மில்லில் மாமாவின் புதுவேட்டியைத் திரையாகக் கட்டி, இரவல் புரொஜக்டரில் அண்ணன் படம் போட்டான். நெல் மூட்டைமேல் நாங்கள். தவிட்டு வாசனை. எலி.

முதல் ரீல் கோழி, கிணறு, மீசை. ஆத்தாகூடச் சிரித்தாள்.

இரண்டாவது ரீல். எங்கள் வீட்டு வாசல். வீடு கெட்டியாக இருக்கிறது. அரக்குச் சேலையில் நான், ட்ரங்குப் பெட்டியோடு. ஆனால் என் ஊடாகச் சுவர் தெரிகிறது. எனக்குப் பின்னாலேயே உள்ளேயிருந்து இன்னொருத்தி வருகிறாள். சிற்றாடை. அவள் ஊடாகவும் சுவர் தெரிகிறது. நான் படி தாண்டிப் போகிறேன். அவள் படியோடு நிற்கிறாள். என் முதுகையே பார்க்கிறாள். பிறகு உட்கார்ந்துகொள்கிறாள். நான் தெருவில் சிறுத்து மறைந்த பிறகும் அவள் அங்கேயே இருக்கிறாள்.

புரொஜக்டர் ஓடுகிற சத்தம் மட்டும்.

"செல்லா" என்றாள் ஆத்தா. கத்தவில்லை. அடுப்படியிலிருந்து கூப்பிடுகிற மாதிரி.



மார்கழி 12, திங்கள்

பனி. தொண்டை கட்டிவிட்டது.

அண்ணன் விடிந்ததும் கிணற்றடிக்கு என்னைத் தனியாகக் கூப்பிட்டான். புது ரீல் ஒன்று பெட்டி பிரிக்காமலேயே இருக்கிறதாம். அன்றைக்கு அவசரத்தில் கும்பிடு பிடித்த ரீலையே மறுபடி காமிராவில் போட்டு, நான் கிளம்புவதை அதன்மேலேயே பிடித்துவிட்டான். வெந்த தோசையை மறுபடி கல்லில் போட்டிருக்கிறான். "முடிஞ்ச ரீலுக்கு நூல் சுத்தி வைக்கணும். மறந்துட்டேன். ரெண்டும் நீதான், வள்ளி. சிற்றாடையும் நீ, பட்டும் நீ. ஆத்தாகிட்டச் சொல்லிரட்டுமா?"

மூச்சு வந்தது எனக்கு. ராத்திரியெல்லாம் பயந்தது எதற்கு என்று சிரிப்பும் வந்தது.

சொல்வதற்குள் ஆத்தாவே வந்துவிட்டாள். குளித்து, ஈரத் தலையோடு. "மாமனக் கூப்புடு. பத்திரிகை எழுதட்டும். தையிலேயே வச்சுக்கிடுவோம்" என்றாள். என் கன்னத்தைத் தடவி, "நீ போத்தா. அவ போகல, பாத்தேல்ல? வாசல்லயே இருக்கா."

அண்ணனைப் பார்த்தேன். அவன் வாளியைக் கிணற்றுக்குள் விட்டான். இருவரும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என் கல்யாணம் போய்விடும். அதுவும் தவிர, பதினேழு வருஷம் கழித்து அவளுக்கு ஒரு படம் கிடைத்திருக்கிறது. அது நான்தான் என்று சொல்லிப் பிடுங்குவானேன்?

மார்கழி 18, ஞாயிறு

பத்திரிகை அச்சுக்குப் போயிற்று. ரவிக்கை அளவு சரியில்லை. வல்லத்திராக்கோட்டையிலிருந்து ஆள் வந்து நாகஸ்வரம் பேசி முடித்தாயிற்று என்று சொல்லிப் போனார். யார் யோசனை என்று எனக்குத் தெரியும்.

அண்ணன் இல்லாத நேரம் அந்த ரீலை எடுத்து, வெயிலில் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சிற்றாடையில் நான் எப்படி இருக்கிறேன் என்று பார்க்கும் ஆசைதான்.

அன்று நான் கட்டியது பச்சை. ரீலில் பச்சையே இல்லை. உட்கார்ந்திருப்பவள் கட்டியிருப்பது கத்தரிப்பூ. மஞ்சள் கரை.

அண்ணனிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தான். "ஒரு படத்து மேல இன்னொரு படம் விழுந்தா கலர் கலந்து மாறிரும்" என்றான். படியருகே இருப்பது வெள்ளைச் சுவர். பச்சையில் வெள்ளை கலந்தால் என்ன வரும் என்று என் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே தெரியும். அதைச் சொன்னேன். "படத்தைப் பெட்டியில வை" என்றான், கோபமாக.

உள்வீட்டுக்குப் போய் ஓலைப்பெட்டியை இறக்கினேன். கத்தரிப்பூச் சிற்றாடை கடையில் மடித்த மடிப்பு கலையாமல் இருக்கிறது. யாரும் கட்டியதில்லை.

மார்கழி 19, திங்கள்

பள்ளிக்கூடம் போகவில்லை. ஆத்தா மாவு சலித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, சாதாரணமாகக் கேட்பதுபோல, "படத்துல அக்கா என்ன கலரு கட்டியிருந்தா, கவனிச்சியா?" என்றேன்.

"கத்தரிப்பூ. நான் எடுத்துக் குடுத்தது." சல்லடை நிற்கவில்லை. "பச்சை கட்டுனவ நீ."

"அப்ப படத்துல பச்சையே இல்லையே, ஆத்தா. படிகிட்ட உக்காந்தது நான்தான? நீதான எனக்குத் தலை வாரிவிட்டே?"

ஆத்தா என்னைப் பார்த்தாள். என்னைத்தான், பின்னால் இல்லை. என்னைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது.

"வருசா வருசம் அன்னைக்கு நான் ஒன்னயவா பாத்தேன்?" என்றாள்.

அப்புறம் உளுந்து ஊறிவிட்டதா பார் என்றாள்.

தை 17, ஞாயிறு

பத்திரிகை வைக்கப் போன ஊர்கள்: திருமயம், அரிமளம், காரைக்குடி, மறுபடி புதுக்கோட்டை. கால் வீங்கிவிட்டது. போன இடமெல்லாம் காப்பி. பஸ்ஸில் என் பக்கத்து இடம் காலியாக இருந்தால் ஆத்தா தன் பையை அங்கே வைப்பதில்லை. மடியில் வைத்துக்கொள்கிறாள்.

அடுத்த வருஷம் அந்தச் சிற்றாடையை யார் கட்டிக்கொள்வது என்று கேட்டேன். "கட்டிக்கிட ஆள் வேணாம் இனிமே" என்றாள்.

இவ்வளவு வருஷம் ஆத்தாவின் அந்த ஒரு நாள் பிரியம் எனக்கில்லையே என்று பொறாமைப்பட்டிருக்கிறேன். இப்போது அது போய்விட்டது. அந்த இடத்தில் என்ன வந்திருக்கிறது என்று தெரியவில்லை. கோணல் வகிடு எடுத்துப் பார்க்கக் கண்ணாடி முன்னால் நின்றேன். முடியவில்லை. சீப்பை வைத்துவிட்டேன்.

தை 24, ஞாயிறு

தாலி ஏறிவிட்டது. நாகஸ்வரம் நன்றாக இருந்தது. மாமா அழுதார். மாப்பிள்ளை தாளம் போட்டதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன், விரல் தப்பவே இல்லை. சாம்பாரில் உப்பு கூட.

வண்டி வந்து நிற்கிறது. தலைவலி என்று சொல்லி உள்வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு இதை எழுதுகிறேன். மேலே பரண், ஓலைப்பெட்டி. வாசலில் அண்ணன் உரலைக் கவிழ்க்க மாமாவைக் கூப்பிடுகிறான். புது ரீல், நூல் சுற்றாதது, நானே பார்த்துக் கொடுத்தேன். திரும்பிப் பாக்காத என்று இந்தத் தடவை அவன் சொல்ல வேண்டியதில்லை.

ஆத்தா கதவுக்கு வெளியே வந்து நிற்கிறாள். வளையல் சத்தம்.

"ஏத்தா செல்லா, வெளிய வா. தங்கச்சி கெளம்புறா."

கூப்பிட்டது என்னை இல்லை. நான் எழுந்திருக்கவில்லை. பரணை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.