மூன்று தளங்களுக்கும் ஒரே திருத்தம்

மார்ச் 3, திங்கள்
இன்று உறுதியானது: எங்கள் பத்திரிகையின் நகர இணையதளத்துச் செய்தியில் பள்ளி வேன் ஓட்டுநர் இன்னும் குடித்துவிட்டு வண்டி ஓட்டியவராகவே இருக்கிறார். தகவல் தந்தவர் அவரே. நானும் திறந்து பார்த்தேன். பிடிபட்டது வேறொருவர். போலீஸ் தந்த பெயர் தவறு. முதன்மைத் தளத்தில் அப்போதே திருத்தம் போட்டுவிட்டோம்.

"ஃபோன்ல தேடி எங்கிட்டயே காட்டுறாங்க சார். பேப்பர்காரங்க மாத்திட்டாங்கன்னு சொன்னா சிரிக்கிறாங்க."

அவரை வேலைக்குத் திரும்ப எடுப்பதா என்று பள்ளி 14ஆம் தேதி முடிவு செய்கிறது.

மார்ச் 4
வெளியான செய்தியில் கைவைப்பதில்லை, திருத்தம் தலைப்புக்கு மேலே வரும் என்பது எங்கள் வழக்கம். நகரத் தளத்தில் நானே போட்டுப் பார்த்தேன். சேமித்ததாகச் சொல்கிறது, பக்கத்தில் காணோம்.

நிரலாளரிடம் போனேன். ரயில் வேகத்தில் பேசுவதால் அலுவலகத்தில் அவளுக்கு 'நிதானம்' என்று பெயர். முதன்மை, நகரம், வார இதழ் என எங்கள் மூன்று தளங்களும் பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதிய தனித்தனித் திட்டங்களாம். திருத்தம் போடும் செயலியை யாரோ நகலெடுத்து மூன்றிலும் ஒட்டியிருக்கிறார்கள். பிற்பாடு அதிலிருந்த பிழையை முதன்மைத் தளத்தில் மட்டும் சரிசெய்திருக்கிறார்கள்.

"அதையே இங்கயும் ஒட்டிடேம்மா."

"ஒட்டலாம் சார். அடுத்த பிழைக்கு மறுபடி இதே மூஞ்சியோட வந்து நிப்பீங்க. ஒரே செயலியா பிரிச்சு எடுத்து மூணுலயும் நிறுவிடறேன்."

மார்ச் 9, ஞாயிறு
யாரும் கேட்கவில்லை. விடுமுறையிலும் வந்து உட்கார்ந்திருக்கிறாள். செயலி இப்போது எந்தத் தளத்திலும் அப்படியே நிறுவக்கூடிய தனிப் பொதி. நிறம், எழுத்து, தலைப்பின் இடம் ஆகியவற்றை மட்டும் அந்தந்தத் தளம் சொன்னால் போதும். "சமையல் ஒண்ணுதான் சார். தட்டு அவங்கவங்க தட்டு."

மார்ச் 11
நகரத் தளத்தில் நிறுவியாயிற்று. திருத்தம் தெரியவில்லை! மறுபடி நிறுவினாள். இல்லை. என்னதான் வேணும் இதுக்கு? அந்த மனுஷனுக்கு நான் என்ன பதில் சொல்றது?

மார்ச் 12
கண்டுபிடித்துவிட்டாள், தலையிலும் அடித்துக்கொண்டாள். பழைய நகல் அதே பெயரில் திட்டத்துக்குள்ளேயே கிடந்திருக்கிறது. பைத்தான் முதலில் பக்கத்தில் இருப்பதைத்தான் எடுக்கும். புதிய பொதிவரை அது போகவே இல்லை.

"புது ஆளை வேலைக்கு எடுத்துட்டு, பழைய ஆளை நாற்காலியிலயே விட்டுட்டேன் சார்."

அந்தக் கோப்புறையை அழித்தாள். பக்கத்தைப் புதுப்பித்தேன். தலைப்புக்கு மேலே, தடித்த எழுத்தில்: இவர் கைது செய்யப்படவில்லை. அவள் செய்ததைச் சொல்லி ஓட்டுநருக்கு இணைப்பை அனுப்பினேன்.

நன்றி சொல்ல வாயெடுத்தேன். "டீ சொல்லுங்க சார், போதும்." எத்தனையோ பேருக்குத் திருத்தம் எழுதியிருக்கிறேன், அது போய்ச் சேர்ந்ததா என்று என்னோடு சேர்ந்து கவலைப்பட்டவள் இவள்தான்.

மார்ச் 14
பள்ளியிலிருந்து தகவல் இல்லை. ஓட்டுநரும் ஃபோனை எடுக்கவில்லை.

மார்ச் 17, திங்கள்
காலையில் எடுத்தார். பின்னால் ஒரே கூச்சல்.

"சார், பிள்ளைங்க ஏறுறாங்க, அப்புறம் பேசறேன். டேய், ஜன்னல்ல கைய நீட்டாத! அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடுங்க சார்."

சொன்னேன். நிதானம் உடனே வார இதழ் தளத்தின் கோப்புகளைத் திறந்தாள்.

நிலுவை: வார இதழ் தளம். ஓட்டுநர் செய்தி அங்கே வரவில்லை. ஆனால் பழைய நகல் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் மாற்றிவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள்.