கிழித்து வைத்த கடைசிப் பக்கம்

சாலவாக்கம்,
2.4.2006

அன்புள்ள ரேவதிக்கு,

ஆதிலட்சுமி எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகம். நான் மட்டும் சுகமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையடி, வயிற்றெரிச்சல்தான்.

இணையத்தில் நீ தொடங்கிய சுற்றுச்சூழல் ஆய்விதழைப் பார்க்க டவுன் பஸ் பிடித்து உத்திரமேரூர் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். ஆசிரியர், முனைவர் ரேவதி! யாரும் இலவசமாகப் படிக்கலாமாம். காசில்லாதவர்களுக்கும் ஓர் ஆய்விதழ் வேண்டுமென்று நம் கல்லூரி விடுதியில் முதலில் சொன்னது யார்? நான்தானே? எங்கள் ஏரியைப் பற்றிய உன் கட்டுரையில் பத்து வருடமாக நான் எடுத்த நீர்மட்டக் கணக்கு முழுசாக இருக்கிறது. எனக்கு மட்டும் "உள்ளூர் ஆசிரியை ஒருவருக்கு நன்றி." நன்றாயிரு.

இப்போது நான் செய்ததைக் கேள். மதகுக் கல்லில் சாணுக்கு ஒரு கோடு வெட்டியிருக்கும். எத்தனை கோடு முழுகியதோ, அதைத்தான் நோட்டில் எழுதுவேன். மூன்று வருடத்துக்கு முன் மதகைப் பழுதுபார்த்தவர்கள் அந்தக் கல்லை ஒரு சாண் கீழே இறக்கி நட்டுவிட்டார்கள். மதகு திறக்கும் முனியன் அன்றே சொன்னார், "டீச்சர், கல்லு கீய எறங்கிட்ச்சி, இனிமே ஒரு கோடு கொறச்சிக்கோங்க" என்று. அதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்தும் வைத்தேன். இதழ் தொடங்குவதாக எழுதி நீ நோட்டைக் கேட்டாயே, அன்றே எனக்கு எரிந்தது. அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துக்கொண்டு அனுப்பினேன். பெரிய ஆசிரியராயிற்றே, தடுக்கி விழட்டும் என்றுதான்.

ஏரியில் தண்ணீர் கூடிவிட்டது என்று நீயும் எழுதிவிட்டாய். விழுந்தது நீயில்லை. போன வாரம் ஏரியைத் தூர்வாரச் சொல்லி மனுக் கொடுக்கப் போனவர்களிடம் அதிகாரி உன் கட்டுரையை நீட்டி, தூர்வாரத் தேவையில்லை என்றாராம். முனியன் வந்து கேட்டார், "தண்ணி ஏறிக்கினு கீதுன்னு போட்டுகீதாமே, யார் டீச்சர் அப்டி எய்தினது?" என்று. கடைமடையில் அவருடைய குத்தகை நிலம் இரண்டு போகமாகக் காய்ந்து கிடக்கிறது.

பக்கத்தைக் கிழித்தேனே தவிர எறியவில்லை. இத்துடன் வைத்திருக்கிறேன். மழைக்கு முன் தூர்வார வேண்டும், உடனே திருத்தம் போடு. கல் இறங்கியதைச் சொன்னவர் முனியன் என்று போடு. மறைத்தவள் உள்ளூர் ஆசிரியை ஒருவர் என்று மட்டும் போட்டுவிடாதே. சாலவாக்கம் ஆதிலட்சுமி என்று முழுசாகப் போடு. இலவசம்தானே, எல்லோரும் படிக்கட்டும்.

வயிறு இன்னும் எரிகிறது. ஆனாலும் உன் இதழ் நீடூழி நடக்கட்டுமடி.

உன்,
ஆதி