தொப்பிக்காரன் பின்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் வேணிக்கு விழுப்புரத்திலிருந்து சித்தப்பா எழுதுவது. இங்கே என் முட்டிவலியைத் தவிர மற்றதெல்லாம் சௌக்கியம், அயர்லாந்துக் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் சொன்னேனா இல்லையா? காலேஜில் கூடப் படித்த சேரன், திண்டிவனத்தில் ஊர் சுற்றிக் காட்டுகிறார், அவரைத்தான் கட்டிக்கொள்ள ஆசை, நீங்கள் போய்ப் பார்த்துச் சரி என்றால்தான் மேற்கொண்டு பேச்சு என்று நீ போட்டோ அனுப்பினாயே, அன்றைக்கே உன் சித்தி அம்சாவிடம் சொன்னேன், நிழலில் நின்றுகொண்டு தொப்பி போடுகிறவன் தேறமாட்டான் என்று. போன ஞாயிறு நேரிலேயே பார்த்துவிட்டேன், நான் சொன்னதில் ஒரு எழுத்து தவறவில்லை. போனில் சொல்லலாம் என்றால் உன் சித்தி பின்னால் நின்று திருத்திக்கொண்டே இருக்கிறாள், அதனால் காகிதத்தில் எழுதுகிறேன், அவள் போட்டோ பிடித்து அனுப்புவாள்.

முதலில் ஒன்று கேட்கிறேன், திண்டிவனத்தில் சுற்றிக் காட்ட என்ன இருக்கிறது? விழுப்புரம் என்றால் ஜங்ஷன் இருக்கிறது, எல்லாத் திசைக்கும் ரயில் பிரிகிறது, அதற்கு எதிரில் என்னுடைய சைக்கிள் ஸ்டாண்டு இருந்தது, அதில் சைக்கிள் விட்ட பையன்களில் பாதிப் பேர் இன்றைக்குக் கலெக்டர். திண்டிவனம் என்ன, மெட்ராஸ் பஸ் நிற்கும்போது ஜனங்கள் இறங்கி ஒன்றுக்குப் போய்விட்டு ஏறுகிற ஊர். அதற்கு ஒரு வழிகாட்டி, அவன் பின்னால் மெட்ராஸிலிருந்தும் பாண்டியிலிருந்தும் வந்த ஒரு கும்பல், மலையேறப் போகிறவர்கள் மாதிரி பூட்ஸ், கையில் தண்ணீர் பாட்டில். நான் யார் என்று சொல்லாமல் கடைசி ஆளாகச் சேர்ந்துகொண்டேன். மார்க்கெட்டுக்குள் போய்க் கத்திரிக்காயைப் போட்டோ பிடிக்கிறார்கள், வாங்க மாட்டார்கள். அங்கே அவித்த மல்லாட்டைக் கடலையைப் படியில் அளந்து விற்கிற பாஞ்சாலியிடம் ஒரு பூட்ஸ் அம்மாள் போய், இது எந்த மரத்தில் காய்க்கும் என்று கேட்டாள். பாஞ்சாலி விடுவாளா, “மண்ணுக்குள்ள காய்க்கிறத மரத்துல தேடிக்கினு வந்துட்டாங்க பாரு, ஜல்தி போட்டோ புடிச்சிக்கினு வழிய வுடும்மா, பேஜாரு பண்ணாத” என்று விரட்டிவிட்டாள்.

உன் ஆள் இடுப்பில் ஒரு சின்ன ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு பேசுகிறான், ஒன்றையாவது அடித்துச் சொல்லத் தெரியவில்லை. இந்த ஊர் முன்னே புளியங்காடாக இருந்ததாகச் சொல்கிறார்கள் என்கிறான், ஏன், இருந்தது என்று சொன்னால் வாய் வெந்துவிடுமா? வழியில் இருக்கிற மண்டபத்தை யார் கட்டினது என்று ஒருத்தர் கேட்டால் “தெரியலீங்க” என்கிறான். சந்துக்கு ஏன் அந்தப் பேர் என்றால் “எனக்குத் தெரியலீங்க, அந்த அக்காவக் கேட்டுப் பாக்கலாம்” என்கிறான். நான் பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூடச் சொல்லாத வார்த்தை அது, அதைச் சொல்லிப் பிழைக்கிறான். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. பாஞ்சாலி சாய்ந்து உட்கார்ந்திருந்த கல்லைக் காட்டி, “ஏம்பா, இந்தக் கல்லு ராஜா காதப் புடிச்ச கத தெரியுமா?” என்று மடக்கினேன். அதற்கும் “தெரியாதுங்க ஐயா, நீங்களே சொல்லுங்க” என்று மைக்கை என் கையில் கொடுத்துவிட்டான்.

சொன்னேன் பார், மார்க்கெட்டே நின்று கேட்டது. ராஜா ஒருத்தன் மாறுவேஷத்தில் வந்து, படியில் குறைத்து அளக்கிறவன் யார் என்று கேட்க இந்தக் கல்லில் காதை வைத்தானாம், கல் அவன் காதைப் பிடித்துக்கொண்டதாம், என் அரண்மனைப் படியே குறைபடிதான் என்று ராஜா ஒத்துக்கொண்ட பிறகுதான் விட்டதாம். பூட்ஸ் அம்மாள் ஓடிப்போய்க் கல்லில் காதை வைத்தாள். “யோவ் பெரியவரே, கல்யாணமாகி வந்த நாள்லேந்து இதுலதான் சாஞ்சிக்கினு கெடக்கறேன், என் காத ஒன்னும் பண்ணலியே” என்றாள் பாஞ்சாலி. நீ சரியாக அளக்கிறாய் தாயே என்றதும் அவளுக்குப் பெருமை தாங்கவில்லை, கை நிறைய மல்லாட்டை அள்ளிக் கொடுத்தாள்.

எல்லோரும் போன பிறகு உன் ஆள் டீ வாங்கிக் கொடுத்து, “இந்தக் கதைய யார்கிட்ட கேட்டீங்க ஐயா? சொன்னவங்க பேரச் சொல்லாம நான் எங்கயும் சொல்றதில்லீங்க” என்றான். எங்கள் அண்ணன் சொன்னது, செத்துப்போய்விட்டார், அவர் பெண் வேணி அயர்லாந்தில் நர்ஸாக இருக்கிறாள் என்றேன். தொப்பியைக் கழற்றிவிட்டான் வேணி. அப்புறம், “அப்பா சொன்னது ஒன்னுகூட ஞாபகம் இல்லன்னு அவங்க சொல்லுவாங்கய்யா. இனிமே வாரா வாரம் அவர் பேர் சொல்லியே சொல்றேன்” என்றான். நீ கைக்குழந்தையாக இருக்கும்போது உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு, அந்தக் கல் பக்கத்திலேயே நின்று அண்ணன் சொன்ன கதை அது, நீயும் தெரிந்துகொள்.

சரி, நீ கேட்ட முடிவு. கட்டிக்கொள். நான் சொன்னதை நம்பி அதற்கு ஒரு பேரும் கேட்டவன் இதுவரை இவன் ஒருத்தன்தான், வேறு எவனையும் பார்த்து எனக்கு இனிமேல் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. தை மாசம் லீவு போடு, பெண் கேட்டு வரச் சொல், கல்யாணத்துக்கு மட்டும் அந்தத் தொப்பி கூடாது. காய்ச்சல்காரர்களோடு இருக்கிறவள் நீ, வேளைக்குச் சாப்பிடு, சித்தி கொடுத்த கேப்பை மாவை வண்டு பிடிக்கவிடாதே. நீங்கள் இரண்டு பேரும் நிறைந்த வாழ்வு வாழவேண்டும்.

இத்தோடு முடித்திருப்பேன், ஆனால் அந்தக் கல் என் காதையும் பிடித்துக்கொண்ட மாதிரி இருக்கிறது. அண்ணன் அந்தக் கதையைச் சொல்லவில்லை, அந்த நிமிஷம் நானே கட்டினது. உன்னை அங்கே தூக்கிப்போனதும் இல்லை. உன் அப்பா கதை சொல்கிற ஆளே இல்லை, எதைக் கேட்டாலும் “எனக்குத் தெரியாதுடா, தெரிஞ்சவங்களக் கேளு” என்பார், அதற்காக நான் அவரை மக்கு என்று ஏசியிருக்கிறேன். அவரைப் பற்றி நீ ஞாபகம் வைத்துக்கொள்ள அந்த ஒன்றுதான் நிஜம். அடுத்த ஞாயிறு வருவதற்குள் சேரனிடம் சொல்லிவிடு, அந்தக் கதைக்கு அண்ணன் பேர் வேண்டாம், என் பேரைப் போட்டுக்கொள்ளச் சொல்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா வெங்கடாசலம்