குண்டன் என் முன்னால் உட்கார்ந்தான்

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. பதறாதே, அப்பா பத்திரமாக இருக்கிறார். இப்போதுகூட உள் அறையில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு, காபியில் சர்க்கரை குறைவு என்று முனகிக்கொண்டிருக்கிறார். நீ பெரிய துரை, போனை எடுக்காததால் இந்தக் கடிதம்.

செவ்வாய்க்கிழமை மதியம் நான் குளித்துவிட்டு வருவதற்குள் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். அவருடைய மறதி உனக்குத் தெரியும். வெளியே லாரிகள் பறக்கிற சாலை வேறு. எனக்கு உயிரே போய்விட்டது. ஒரு மணி நேரம் தெருத்தெருவாக அலைந்தும் காணாமல், மீட்புப் படையில் என்னோடு வேலை செய்யும் தோழியிடம் சொல்லி, நான் பழக்கிய மோப்ப நாய் குண்டனை வரவழைத்தேன்.

அப்பாவின் சட்டையை மோந்து பார்க்கக் கொடுத்தேன். அவன் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நேரே வந்து என் முன்னால் உட்கார்ந்தான். உட்கார்ந்தால் ஆள் கிடைத்துவிட்டார் என்று அர்த்தம். மறுபடி கொடுத்தேன், மறுபடியும் என் முன்னால்தான். "ஏண்டா என் மானத்தை வாங்குற!" என்று கத்திவிட்டேன். தோழி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அவன் சரியாத்தான் சொல்றான். இந்தச் சட்டையைத் தொவைச்சு மடிச்சு வச்சது யாரு?" என்று கேட்டாள். காணாமல் போனவர் உடுத்திக் கழற்றிய துணியைத்தான் கொடுக்க வேண்டும், அதையும் வெறுங்கையால் தொடக்கூடாது என்று பதினோரு வருஷமாகப் புதியவர்களுக்குக் கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்கிறவள் நான்! வெட்கமாகப் போயிற்று.

அப்பாவின் தலையணைமேல் கிடந்த குல்லாவை அடுப்படி இடுக்கியால் தூக்கிக்கொண்டு வந்து காட்டினேன். தரையில் மூக்கை வைத்தவன் நிமிரவே இல்லை. பள்ளிக்கூடச் சுவரோரமாகப் போய், மரக்கடைச் சந்தில் திரும்பி, கடைசியில் பேருந்து நிலையம். அங்கே ஒரு பெஞ்சில் அப்பா! குண்டன் அவர் முழங்காலருகே போய் உட்கார்ந்தான். ஒரு கீறல்கூட இல்லையடா. நான் அத்தனை பேர் முன்னாலும் ஓவென்று அழுதேன்.

என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. "இந்தப் பொண்ணு எதுக்கு அழுவுது?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். வீட்டுக்குப் போகலாம் என்று கூப்பிட்டால் எழுந்திருக்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். "என் பையன் வர்ற பஸ் இன்னும் வரலையே" என்றார்.

உன் முகத்திலேயே விழிக்க மாட்டேன் என்று அவர் சொல்லி மூன்று வருஷம் ஆகிறது. நீயும் ரோஷக்காரன், அதையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். அந்தச் சண்டையை அவர் மறந்தே போய்விட்டார், தம்பி. உன்னை இன்னும் மறக்கவில்லை. சீக்கிரம் வந்துவிடு.

உன் அக்கா